பணிஸைப் பார்த்துக்கொண்டிருந்த பதினான்கு நாள்

1

ராஜபாளையத்தில் பிறந்தவளுக்கு நாயைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற நினைப்போடுதான் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கண்டிக்கு வந்து இறங்கினேன். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் அந்த வெள்ளை வேட்டைநாய்தான் நினைவுக்கு வரும். அப்பா இரண்டு வளர்த்தார். எஜமானைத் தவிர வேறு யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத ஜாதி. வாசலில் கட்டிக் கிடக்கும். தபால்காரர் தெருமுனையிலேயே நின்றுகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

என் கணவர் சிவாவின் பெரியப்பா குடும்பம் அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தவர்கள். அவர்கள் வழியாக வந்த சம்பந்தம் இது. கல்யாணமாகி, கொழும்பு பஸ்ஸில் வந்து கண்டியில் இறங்கியபோது நான் முதலில் பார்த்தது மலையையும் இல்லை, குளத்தையும் இல்லை. பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் நான்கு காலையும் நீட்டிப் படுத்திருந்த ஒரு கறுப்பு நாயைத்தான் பார்த்தேன். எங்கள் பஸ்காரர் ஹார்ன் அடிக்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்து அதைச் சுற்றிக்கொண்டு போனார்.

"யாரோட நாய்ங்க அது?" என்று கேட்டேன்.

"யாரோடதும் இல்ல. அது அங்கதான் படுக்கும்," என்றார் சிவா, ஏதோ அது மாநகர சபை வைத்த விளக்குக் கம்பம் என்பது மாதிரி.

இப்படிப்பட்ட நாய்களை இங்கே கட்டாக்காலி என்கிறார்கள். அறிவிப்புப் பலகையில்கூட அப்படித்தான் எழுதியிருக்கும். ஊரில் நானும் தெருநாய்களைப் பார்த்தவள்தான், ஆனால் அவை கல்லுக்குப் பயந்து வாலைக் கவட்டுக்குள் சொருகிக்கொண்டு ஓடும். இங்கே அவை ஆட்களோடு சேர்ந்து நின்று, வண்டி போனபிறகு, ஆட்களோடு சேர்ந்து ரோட்டைக் கடக்கின்றன. குளத்தைச் சுற்றி நடக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு பை இருக்கும். அதில் பழைய சோறு இருக்கும். புசல்லாவையில் என் நாத்தனார் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகிற பெண்களுக்குப் பின்னால் நாலைந்து நாய்கள் மலை ஏறும். அவர்கள் வரிசை வரிசையாகப் பறித்து முடிக்கும் வரை நிழலில் படுத்திருந்துவிட்டு, கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குச் சரியாக இறங்கி வரும். நாத்தனாரிடம் அவற்றின் பெயரைக் கேட்டேன். "எத்தன வீடோ அத்தன பேரு அண்ணி," என்றாள்.

நாயைச் சொல்லிவிட்டுக் குரங்கைச் சொல்லாமல் விட்டால் குரங்கு கோபித்துக்கொள்ளும். என் முதல் பொங்கலுக்கு வாங்கி வைத்த வாழைப்பழச் சீப்பை அடுக்களை ஜன்னல் வழியாக ஒரு தாய்க்குரங்கு எடுத்துக்கொண்டு போனது. மிச்சம் வைத்தது காம்பை மட்டும். அன்றைக்கு நான் அழுததாகச் சிவா இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். நான் அழவில்லை. அதன் வயிற்றோடு ஒட்டியிருந்த குட்டியைப் பார்த்துக் கண் கலங்கியது, அவ்வளவுதான்.

2

நாங்கள் குடியிருப்பது கண்டியிலேயே மஹய்யாவ என்ற பகுதியில். எங்கள் சந்தியில் ஹனிபா நானா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். சொந்த ஊர் அக்குறணை, காலையில் வந்து மாலையில் போவார். நானா என்றால் அண்ணன். அந்தக் கடை வாசலில்தான் பணிஸ் இருந்தாள்.

நாம் பன் என்பதை இங்கே பணிஸ் என்பார்கள். அந்த நிறத்தில், அதே மாதிரி உப்பலாக ஒரு பெட்டை நாய். ஒரு காது மட்டும் பாதியில் மடிந்திருக்கும். பெயர் வைத்தது என் மகள் தர்ஷி. அவளுக்குப் பத்து வயது. எதிர்வீட்டுச் சிங்களக் குடும்பம் அதே நாயைச் சுதூ என்று கூப்பிட்டது, வெள்ளைச்சி என்று அர்த்தம், வெள்ளை எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஹனிபா நானா பெயர் சொல்லியெல்லாம் கூப்பிட மாட்டார். "இந்தா," என்பார், ஒரு துண்டுப் பாண் ரொட்டியைத் தூக்கிப் போடுவார். அவர்கள் முறைப்படி நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. அதனால் அவர் நாயைத் தொட்டதே இல்லை. ஆனால் கடை திறந்ததும் முதல் வேலையாக ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, குடைக்கம்பால் அதைத் தள்ளி வைப்பார். வியாபாரம் அதற்கப்புறம்தான்.

நான் செய்தது என்ன? பேசினேன். நாயைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் என் மகளுக்குச் சொன்னேன். நாயைக் கண்டு ஓடாதே, அதன் கண்ணைப் பார்த்து முறைக்காதே, சாப்பிடும்போது கிட்டப் போகாதே. இதெல்லாம் சரிதான். கடைசியில் ஒரு வாக்கியமும் சேர்த்தேன், அப்பா எங்களுக்குச் சொன்னது: "நாய் தானா கடிக்காது. கடிச்சா, தப்பு நம்ம மேலதான்."

சுகாதாரப் பகுதியிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை சந்தியில் மேசை போட்டு நாய்களுக்கு விசர் ஊசி, அதாவது வெறிநோய்த் தடுப்பூசி, போடுவார்கள். கட்டாக்காலிக்கும் போடுவார்கள், யாராவது பிடித்துக்கொண்டு நின்றால் போதும். வழக்கமாகப் பணிஸைப் பிடிப்பது நான். இந்த வருடம் அந்த நாளில் நான் கொழும்பில் இருந்தேன். என் விசாவைப் புதுப்பிக்கும் நாள். இவள் என் மனைவிதான், என்னோடுதான் இருக்கிறாள் என்று சிவா கடிதம் எழுத வேண்டும், கிராம சேவகர் ஆமாம் என்று கையெழுத்துப் போட வேண்டும், பிறகு நாங்கள் இரண்டு பேரும் கோப்பைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக இதே கதை. சிவா அந்தக் கடிதத்தை எழுதும்போதெல்லாம், "இந்த வருஷம் எழுதணுமா வேணாமான்னு யோசிக்கிறேன்," என்பார். நானும், "யோசிங்க, சோத்துல உப்பு போடலாமா வேணாமான்னு நானும் யோசிக்கிறேன்," என்பேன். என் தாளில் முத்திரை விழுந்தது. பணிஸுக்கு ஊசி விழவில்லை. அடுத்த மாதம் மிருக வைத்தியரிடம் கூட்டிப் போகலாம் என்று நினைத்தேன், நினைத்ததோடு சரி.

3

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நானா கடைக்குப் பருப்பு வாங்கப் போனேன். கடைக்குப் பக்கத்துச் சந்தில் தர்ஷி குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் பணிஸ். தர்ஷி நாயோடு சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தாள். எங்களோடு தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ், தெருப் பிள்ளைகளோடும் நாய்களோடும் சிங்களம். கண்டி நாய்களுக்குச் சிங்களம்தான் விளங்கும் என்பது அவள் கட்சி. பன்னிரண்டு வருடத்தில் என் சிங்களம் மீன் விலை கேட்கவும் பஸ்ஸை நிறுத்தவும் மட்டுமே தேறியிருக்கிறது. இருந்தாலும் அவள் சொன்னதில் ஒரு வரி எனக்கு நன்றாகவே விளங்கியது.

"மம அம்மாட்ட கியன்னே நே."

நான் அம்மாகிட்டச் சொல்ல மாட்டேன்.

எதைச் சொல்ல மாட்டாள்? கிட்டே போனேன். என்னைக் கண்டதும் அவள் பாவாடையை இழுத்துக் கெண்டைக்காலை மூடினாள். நான் அதை விலக்கிப் பார்த்தேன். இரண்டு பல் தடம், சுற்றிலும் கன்றிப்போய், காயத் தொடங்கியிருந்தது.

"எப்போ?"

அவள் பணிஸைப் பார்த்தாள்.

"தர்ஷி, எப்போ கடிச்சிச்சு?"

"புதன்கிழம."

மூன்று நாள். நாயைப் பற்றி எல்லாம் தெரிந்தவளுக்கு விசர் நோயைப் பற்றியும் தெரியும். வந்துவிட்டால் மருந்து கிடையாது என்று தெரியும். என் பிள்ளை மூன்று நாளாக அந்தக் காலோடு என் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறாள், நான் போர்வையை இழுத்து அந்தக் காலை மூடிவிட்டிருக்கிறேன்.

4

பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். சிவா வேலையிடத்திலிருந்து நேராக வருவதாகச் சொன்னார், அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. டாக்டர் ஒரு இளம் பெண். முதலில் காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவச் செய்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார். நான் விழித்தேன். என் மகள் தனக்கு விழுந்த கடியைத் தானே எனக்கு மொழிபெயர்த்தாள்.

"வீட்டு நாயான்னு கேக்குறாங்க."

"இல்லன்னு சொல்லு."

"ஊசி போட்ட நாயான்னு கேக்குறாங்க."

"இந்த வருஷம் போடல. அதையும் சொல்லு."

பிறகு டாக்டர் பிள்ளையிடம் ஏதோ கேட்டார். அவள் நீளமாகப் பதில் சொன்னாள், இரண்டு தடவை என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். ஒண்ணுமில்ல என்றாள். டாக்டர் என் பக்கம் திரும்பி, தேடித் தேடித் தமிழில் சொன்னார்:

"அம்மா, பிள்ளைக்கு ஏச வேண்டாம்."

திட்டுவதற்கு எங்கள் பக்கத்திலும் புழங்கும் அதே சொல். என் மகள் என்னிடமிருந்து தன்னைக் காப்பாற்றச் சொல்லி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் கேட்டிருக்கிறாள். தடுப்பூசி போட்டது அவளுக்கு, வலித்தது எனக்கு. இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை.

ஊசியைத் தவணை தவறாமல் போட வேண்டும். அதோடு இன்னொரு வேலையும் சொன்னார்கள். கடித்த நாளிலிருந்து பதினான்கு நாள் நாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாய் செத்தாலோ, காணாமல் போனாலோ, நடத்தை மாறினாலோ உடனே வந்து சொல்ல வேண்டும். மூன்று நாள் போய்விட்டது. பதினொரு நாள் மீதி.

5

யாருக்கும் சொந்தமில்லாத நாயைப் பதினொரு நாள் யார் பார்த்துக்கொள்வது? விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பிள்ளைகள் இருக்கிற வீடு எல்லாம், பிடித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்கு மத்தியானம் வரை நான்தான் இந்தத் தெருவின் நாய்க்காரி. இப்போது என் பிள்ளையே கடிபட்டிருக்கிறாள், நான் எந்த முகத்தோடு வாயைத் திறப்பது?

சிவாவுக்குச் சின்ன வயதிலிருந்தே நாய் என்றால் பயம். வீட்டில் கட்டலாமா என்று கேட்டேன். "நீ கட்டு. நான் புசல்லாவைக்குப் போறேன்," என்றார். பிறகு, "பகிடி விடல செல்வி. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்ததுலருந்து பிள்ள அந்தப் பக்கமே பாக்க மாட்டேங்குறா. வீட்டு வாசல்ல கட்டுனா அவ எப்புடி வெளிய போவா?" என்றார். அதுவும் நியாயம்தான்.

ஹனிபா நானா கல்லாவில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சாவிக்கொத்தை எடுத்தார்.

"கடைக்குப் பின்னால மூட்ட வெக்கிற எடம் ஈக்கிது. கம்பிக் கேட்டும் ஈக்கிது. அங்க கட்டுங்க தங்கச்சி."

"நானா, உங்களுக்குத்தான் அது..."

"நான் தொட மாட்டேன். பாக்கிறதுக்கு என்ன? தெனம் காலையில தண்ணி குடிச்சிச்சா இல்லியான்னு போன்ல செல்லுறேன். நீங்க பிள்ளயப் பாருங்க."

நான் கயிற்றைப் போட்டேன். அதுவரை கயிற்றையே அறியாத கழுத்து. பணிஸ் என்னைக் கடிக்கவில்லை, இழுக்கவுமில்லை. நடந்து வந்தாள், கேட்டுக்குள் போனதும் திரும்பி நின்று என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டுச் சீட்டில் நாயின் உரிமையாளர் என்று ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டு வருடமாக எனக்காக அடுத்தவர் கையெழுத்து வாங்கி வந்தவள் இந்த நாட்டில் முதல் தடவையாக இன்னொரு உயிருக்குப் பொறுப்பென்று கையெழுத்துப் போட்டது அன்றைக்குத்தான்.

6

தினம் காலை ஆறே முக்காலுக்கு போன் வரும். "குடிச்சிச்சு தங்கச்சி." அவ்வளவுதான், வைத்துவிடுவார். எனக்கு அதற்கப்புறம்தான் தேநீர் இறங்கும். நான் காலையும் மாலையும் போய்ச் சோறு வைத்துவிட்டு, சுத்தம் செய்துவிட்டு வருவேன். தர்ஷி வரவே இல்லை. ஸ்கூல் வேனில் சந்தியைக் கடக்கும்போது அவள் தலையைக் குனிந்துகொள்வதாக வேன்காரர் சொன்னார். என்னோடும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கேட்டால் பதில், அதற்கு மேல் ஒன்றுமில்லை. நாய்க்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தை நான் நாள் கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தேன். இவள் இனி என்னிடம் எதையும் சொல்லாமலே வளர்ந்துவிடுவாளோ என்ற பயத்துக்கு எந்தக் கணக்கும் இல்லை. அதுதான் பெரிய பயம்.

ஒன்பதாம் நாள் போன் வரவில்லை. ஏழு மணிக்கு நானே அடித்தேன். நானா எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுத்து, "தங்கச்சி, தண்ணி குடிக்கல்ல, நொர தள்ளுது. ஓடி வாங்க," என்றார்.

நுரை. தர்ஷி அப்போதுதான் வேனில் ஏறிப் போயிருந்தாள். எப்படிப் போனேன் என்று தெரியாது, கடைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தபோது என் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

ஹனிபா நானா குழாயடியில் குந்தியிருந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தார். தரையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து இரண்டு கையிலும் தேய்த்துக் கழுவினார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. நான் நின்றேன். அவர் எண்ணி முடிக்கும் வரை கேட்கத் தைரியம் இல்லை.

"நோயில்ல தங்கச்சி," என்றார் ஏழும் முடிந்தபிறகு. "கயிறு தூண்ல சுத்தி, கழுத்து நெரிஞ்சி, தண்ணிக்கு எட்டல்ல. நீங்க வார வர பொறுக்க ஏலாது. நான்தான் அந்தச் சுத்த அவுத்து விட்டேன்."

கம்பிக்குள் பார்த்தேன். பணிஸ் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் முகத்தை விட்டுத் தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தாள். சளக் சளக் என்று ஒரு சத்தம். அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை. நானா கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவர் போலக் கடையைத் திறக்கப் போனார். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இந்தத் தடவை அழுததை ஒப்புக்கொள்கிறேன்.

மாலையில் தர்ஷி வந்தபோதும் என் முகம் வீங்கியிருந்தது. பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"பணிஸ் செத்துப்போச்சாம்மா?"

"இல்லடி. நல்லா இருக்கா."

அவள் கதவருகிலேயே நின்றாள். எனக்கும் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ஏன்டி என்கிட்ட சொல்லல? பணிஸைப் பிடிச்சிட்டுப் போயிருவாங்கன்னு பயந்தியா?"

"அதில்ல."

"பின்ன?"

"கடிச்சா தப்பு நம்ம மேலதான்னு நீங்கதானே சொன்னீங்க. நான் என்ன தப்பு செஞ்சேன்னு யோசிச்சுப் பாத்தேன். தெரியல. சும்மா பக்கத்துல போனேன், அது தூங்கிக்கிட்டு இருந்துச்சி, கடிச்சிருச்சி. தப்பு என்னான்னு கண்டுபுடிச்சப்பொறம் சொல்லலாம்னு இருந்தேன்."

பத்து வயதுப் பிள்ளை மூன்று நாள் தன் தப்பைத் தேடியிருக்கிறாள். அந்த வாக்கியத்தை அப்பாவிடமிருந்து வாங்கி, பெருமையாக அவள் கையில் கொடுத்தது நான். இதைப் படிக்கும் என் ராஜபாளையத்துச் சொந்தங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அப்பா நல்ல மனிதர், நாய்களை உயிராக வளர்த்தார். ஆனால் அந்த வாக்கியம் தப்பு. தூங்குகிற நாய் திடுக்கிட்டுக் கடிக்கும். அதில் நாய் மேலும் தப்பில்லை, பிள்ளை மேலும் தப்பில்லை.

அதை அப்படியே அவளிடம் சொன்னேன். பிறகு, "இனிமே என்ன நடந்தாலும் சொல்லு. நான் ஏச மாட்டேன்," என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. பையை இறக்கி வைத்தாள்.

7

பதினான்காம் நாள் மாலை கயிற்றை அவிழ்த்தோம். தர்ஷியும் வந்தாள், ஆனால் சிவாவின் கையைப் பிடித்துக்கொண்டு. சிவாவோ நாய்க்குப் பயந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் மிருக வைத்தியர் வந்து பணிஸுக்கு ஊசி போட ஏற்பாடு செய்தாகிவிட்டது, ஊசி அட்டையில் உரிமையாளராக என் பெயர். கம்பிக் கேட்டைத் திறந்ததும் பணிஸ் உடம்பை ஒரு தடவை உதறினாள். தர்ஷி பக்கம் வரவில்லை. நேராகக் கடை வாசலுக்குப் போய்த் தன் பழைய இடத்தில் படுத்துக்கொண்டாள். "வீட்டுக்குப் போயிட்டா," என்றாள் தர்ஷி. நாயைத் தடவிக் கொடு என்று நான் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். தர்ஷி அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா ஏச மாட்டீங்கதானே?"

"மாட்டேன்."

"லீவுக்கு ராஜபாளையம் போக வேணாம்."

மாவுக் கரண்டி கையில் அப்படியே நின்றது. வருடத்துக்கு ஒரு முறை அந்த மூன்று வாரத்துக்காகத்தான் நான் மற்ற நாட்களை ஓட்டுகிறேன் என்று சொன்னால் மிகையில்லை.

"ஏம்மா? ஆச்சி வீடு பிடிக்கலையா?"

"பிடிக்கும். ஆனா நான் பேசினா எல்லாரும் சிரிக்கிறாங்க. போன தடவ கதிரை வேணும்னு கேட்டேன். மாமா அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொல்லி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாரு. அதுக்கப்புறம் நான் நின்னுக்கிட்டே சாப்பிட்டேன். யாரும் பாக்கல."

"மாமா செல்லமாத்தான்டி..."

"நீங்களுந்தாம்மா சிரிச்சீங்க."

சிரித்தேன். நினைவிருக்கிறது. என் பிள்ளை எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் நாற்காலிக்கு வேறு பெயர் சொல்லிவிட்டு முழித்தபோது, அண்ணனோடும் மதினியோடும் சேர்ந்துகொண்டு நானும் சிரித்தேன். எட்டு மாதமாக அதை எனக்குத் தெரியாமல் வைத்திருந்திருக்கிறாள்.

கல் புகையத் தொடங்கியது. "சிரிச்சது தப்புதான்," என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஏசுவேனா மாட்டேனா என்று.

"இன்னும் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள்.

"இருக்கு," என்றாள்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.